தானே நிரலாக்கம் கற்போர்க்கு நூல் தேர்வு

பிசானப் பருவத்திற்கு நாற்றங்கால் போடுமுன் விதையைச் சோதித்தறிவது நல்ல உழவரின் வழக்கம். முட்டை மிதக்கும் அளவிற்கு உப்புக் கரைத்த நீரில் நெல்லைக் கொட்டினால் பதர் மேலே மிதக்கும். மணி பிடித்த விதை அடியில் தங்கும். மிதப்பதை அள்ளி நீக்கிவிட்டு, தங்கியதை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி எடுத்து விதைப்பர். பாபநாசத்திலிருந்து திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளின் வழியாகத் தாமிரபரணி நீர் தவறாது வந்து பாய்ந்தாலும், விதை பொய்த்தால் விளைச்சல் பொய்க்கும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

கணினி நிரலாக்கத்தைத் தாமே கற்க விரும்பும் நம் கிராமத்து இளைஞர்களுக்கும் இத்தகைய சோதனையொன்று தேவைப்படுகின்றது. அவர்களுக்கு ஆர்வம் உண்டு, உழைப்பும் உண்டு. ஆனால் கையில் கிடைத்த முதல் நூலையே பற்றிக்கொண்டு தொடங்குகின்றார்கள். நெல் விதை பொய்த்தால் ஒரு பருவம் போகும். அடுத்த பருவத்தில் மீட்டுக்கொள்ளலாம். நூல் பொய்த்தாலோ, "இக்கல்வி எனக்கு வராது" என்ற தவறான முடிவு உள்ளத்தில் வேரூன்றிவிடும். அதைக் களைவது எளிதன்று.

அம்பாசமுத்திரம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் மேல்நிலைக் கல்வியைத் தமிழ் வழியில் முடித்த பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். பகலில் வீட்டாருடன் பீடி சுற்றும் அவள், இரவில் இரண்டு மணி நேரம் படிக்கிறாள். அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த பழைய மடிக்கணினி வீட்டில் உள்ளது. ஊர் நூலகத்தில் யாரோ நன்கொடையாகத் தந்த தடித்த நூலொன்றை எடுத்துவந்து முதல் எடுத்துக்காட்டை எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்கிறாள். கணினி பிழை என்கிறது. பத்து நாள் முயன்றும் அதே பிழை. நூலைத் திருப்பிக் கொடுக்க வருகிறாள்.

"அண்ணாச்சி, இது எனக்கு வராது போலிருக்கிறது" என்கிறாள்.

நூலகர் நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, உன்மேல் குற்றமில்லை, இந்தப் புத்தகம் வந்த ஆண்டைப் பார்த்தாயா?" என்று கேட்கிறார்.

அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் எத்தனையோ இளைஞர்களின் உழைப்பு வீணாகாமற் காக்கலாம். அதற்கு வேண்டியவற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் பகுதியும் இக்கல்வியும்

நிரலாக்கம் பெருநகரத்தாருக்கே உரியது என்ற எண்ணம் நம் பகுதியைப் பொறுத்தவரை பழங்கதையாகிவிட்டது. தாமிரபரணியின் துணையாறான சிற்றாறு பாயும் தென்காசிப் பகுதியில், சோஹோ என்னும் மென்பொருள் நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் தன் அலுவலகத்தைத் தொடங்கியது. அப்பொழுது திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாயிருந்த தென்காசி, 2019-இல் தனி மாவட்டமாயிற்று. ஊரை அடுத்த மத்தளம்பாறையில் வயல்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் அருகே அந்நிறுவனத்தின் வளாகம் அமைந்துள்ளது. அந்நிறுவனம் நடத்தும் பயிற்சிப் பள்ளியில் கல்லூரிப் பட்டம் பெறாத இளைஞர்களும் சேர்ந்து பயின்று பணியில் அமர்கின்றனர்.

இதனால் நூல் படித்தவர்க்கெல்லாம் வேலை உறுதி என்று பொருள் கொள்ளலாகாது. பட்டம் இல்லாதவரும் முறையாகப் பயின்றால் இத்தொழிலைக் கற்கவியலும் என்பதற்கு இது சான்று, அவ்வளவே. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஒரு செயலைப் படிப்படியாகப் பிரித்து எண்ணும் பழக்கம் எத்தொழிலுக்கும் துணை செய்யும்.

நிரல் என்பது யாது?

நூலைத் தேர்ந்தெடுக்குமுன், அதனால் நாம் கற்கப்போவது எது என்று அறிதல் வேண்டும். ஊர்ப் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் வாரக் கணக்கை எடுத்துக்கொள்வோம். புதிதாக வந்த எழுத்தருக்குச் செயலாளர் பின்வருமாறு சொல்லிக்கொடுப்பதாகக் கொள்க:

1. உறுப்பினர் பட்டியலை எடு.
2. பட்டியலிலுள்ள ஒவ்வொருவருக்கும் 3 முதல் 6 வரையுள்ளவற்றைச் செய்.
3. காலையில் ஊற்றிய லிட்டரையும் மாலையில் ஊற்றிய லிட்டரையும் கூட்டு.
4. அதை ஒரு லிட்டரின் விலையால் பெருக்கு.
5. தீவனக் கடன் இருந்தால் அதைக் கழி.
6. பெயரையும் தொகையையும் எழுது.

இதுவே நிரல். இதைக் கணினி அறிந்த மொழியொன்றில் எழுதுவதே நிரலாக்கம். ஆளுக்கு ஆள் மாறும் லிட்டரும் கடனும் 'மாறி' எனப்படும். ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் செய்வது 'மடக்கு'. கடன் இருந்தால் மட்டும் கழிப்பது 'நிபந்தனை'. 3 முதல் 5 வரையுள்ள படிகளை ஒன்றுசேர்த்து ஒரு பெயரிட்டு, வேண்டும்போது அழைத்துக்கொண்டால் அது 'செயற்கூறு'. எந்த நிரல்மொழி நூலாயினும் முதற்பகுதியில் இந்நான்கையுமே கற்பிக்கின்றது.

பால் தொகையைவிடத் தீவனக் கடன் மிகுதியாயிருந்தால் என்ன செய்வது? மேலே கண்ட ஆறு படிகளில் அதற்கு விடையில்லை. மனித எழுத்தர் செயலாளரைக் கேட்பார். கணினியோ எதிர்மறைத் தொகையை எழுதிவிட்டு அடுத்தவருக்குச் சென்றுவிடும். இவ்வாறு விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் கூர்மையே நிரலாளரின் மூலதனம். ஆகவே, கட்டளைகளின் பட்டியலை மட்டும் தராமல் இக்கூர்மையை வளர்க்கும் நூலே நல்ல நூல் என்று கொள்க.

முதலில் எந்த மொழி?

நிரல்மொழிகள் பல. எதில் தொடங்குவது என்று மாதக்கணக்கில் விவாதிப்பதைவிட ஒன்றில் தொடங்கிவிடுவது மேல். தானே கற்பவருக்குப் பைத்தான் ஏற்றது. குயிடோ வான் ராசம் என்பார் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட இம்மொழி கட்டணமின்றிக் கிடைக்கிறது. பழைய கணினியிலும் இயங்கும். கணினி இல்லாதவர் செல்பேசியிலும் சிறு நிரல்களை எழுதிப் பார்க்கச் செயலிகள் உண்டு. நம் மாநிலத்தில் 2019-இல் வெளியான 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலும் இம்மொழியையே கற்பிக்கின்றது. 2018-இல் வெளியான 11-ஆம் வகுப்புப் பாடநூல் சி++ மொழியைக் கற்பிக்கின்றது. ஒரு மொழியில் அடிப்படை ஊன்றிவிட்டால் அடுத்த மொழியைக் கற்க அதே அளவு காலம் வேண்டியதில்லை.

நூலைச் சோதிக்கும் ஐந்து முறைகள்

முதற் சோதனை, ஆண்டு. இலக்கண நூல் பழையதாயினும் பயன்படும். நிரல்மொழி நூல் அவ்வாறன்று. பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பிற்கான ஆதரவு 2020 ஜனவரி முதல் நாளோடு நிறுத்தப்பட்டது. இவ்விரண்டிற்கும் இடையே சிறியனவாகத் தோன்றும் பெரிய வேறுபாடுகள் உண்டு. விடையைத் திரையில் அச்சிடும் கட்டளைக்குப் பின் பழைய பதிப்பில் அடைப்புக்குறி வேண்டியதில்லை. புதிய பதிப்பில் அடைப்புக்குறி இல்லையேல் பிழை. மேலே நாம் கண்ட பெண்ணுக்கு நேர்ந்தது இதுவே. அவளிடமிருந்த நூல் பழைய பதிப்பிற்கு உரியது. கணினியிலிருந்ததோ புதிய பதிப்பு.

பிழை காட்டாமலே தவறான விடை தரும் வேறுபாடும் உண்டு. 7 லிட்டர் பாலை 2 பேருக்குச் சமமாகப் பங்கிடச் சொன்னால், புதிய பதிப்பு மூன்றரை என்று கூறும். பழைய பதிப்போ 3 என்று மட்டும் கூறி, எஞ்சியதைக் கணக்கில் விட்டுவிடும். ஆகவே பைத்தான் நூலை எடுத்ததும் முதலில் அது மூன்றாம் பதிப்பிற்கு உரியதா என்று பார்க்க வேண்டும்.

சி, சி++ நூல்களுக்கும் இது பொருந்தும். போர்லாண்டு நிறுவனத்தின் டர்போ சி++ என்னும் பழைய நிரல்பெயர்ப்பியை நம்பி எழுதப்பெற்ற நூல்கள் நம் ஊர் நூலகங்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் இன்றும் காணப்படும். அவற்றில் வரும் தலைப்புக் கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் 'எச்' என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். 1998-இல் சி++ மொழிக்குத் தரம் வகுக்கப்பட்டபோது உள்ளீடு, வெளியீட்டிற்கான கோப்பின் பெயரிலிருந்து அவ்வொட்டு நீங்கிவிட்டது. இன்றைய நிரல்பெயர்ப்பிகள் பழைய வடிவத்தை ஏற்பதில்லை. இத்தகைய நூலை நன்கறிந்தவர் திருத்திப் படித்துக்கொள்வார்; புதியவர் இடர்ப்படுவார்.

இரண்டாம் சோதனை, நூல் யாருக்காக எழுதப்பெற்றது என்பது. புகழ் பெற்ற நூலெல்லாம் தொடக்க நூல் ஆகாது. பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய சி மொழி நூல் 1978-இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1988-இல் வந்தது. ரிட்சியே அம்மொழியை உருவாக்கியவராதலின் அந்நூலின் பெருமை உலகறிந்தது. ஆனால் அது மாறி, மடக்கு போன்றவற்றின் அடிப்படையை ஓரளவேனும் அறிந்தவர்க்காக எழுதப்பெற்றது. டொனால்டு கனுத் எழுதிய பெருநூலின் முதல் தொகுதி 1968-இல் வெளியாயிற்று. அதைப் பயில ஆழ்ந்த கணித அறிவு வேண்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆசிரியர்கள் 1985-இல் வெளியிட்ட நிரல் அமைப்பு பற்றிய பாடநூலும் அவ்வாறே தேர்ந்த மாணவர்க்கு உரியது. இவற்றை முதலில் எடுத்துத் தோற்பது, நீச்சல் அறியாதவர் பாணதீர்த்த அருவியடியில் இறங்குவதை ஒக்கும். முன்னுரையில் ஆசிரியர் தம் வாசகர் இன்னார் என்று பெரும்பாலும் கூறியிருப்பார். அந்தப் பக்கத்தைத் தாண்டிச் செல்லாதீர்கள்.

மூன்றாம் சோதனை, பயிற்சிகள். ஒவ்வோர் இயலின் இறுதியையும் பாருங்கள். "மாறி என்றால் என்ன?" என்ற வகை வினாக்கள் மட்டும் இருந்தால் அது தேர்விற்குரிய நூல். "இன்னது செய்யும் நிரலை எழுதுக" என்ற பயிற்சிகள் எளிதிலிருந்து கடினத்திற்கு ஏறிச் சென்றால் அது கற்பிக்கும் நூல். ஆசிரியர் அருகில் இல்லாதவர்க்குச் சில பயிற்சிகளுக்கேனும் விடை நூலிலேயே இருத்தல் நன்று. ஆனால் விடை அடுத்த வரியிலேயே இருக்கலாகாது. இருந்தால் கை முயலுமுன் கண் அதைப் படித்துவிடும்.

நான்காம் சோதனை, நடையும் வேகமும். மடக்கு பற்றிய இயலைத் திறந்து நூலகத்திலேயே ஐந்து பக்கம் படியுங்கள். பின் நூலை மூடிவிட்டு, ஏழாம் வாய்ப்பாட்டை அச்சிடும் நிரலைத் தாளில் எழுத முயலுங்கள். ஓரளவு எழுத முடிந்தால் அந்நூல் உங்களுக்கு ஏற்றது. ஒன்றும் எழுத முடியவில்லையெனில் மடக்கிற்கு முந்திய இயலைப் படித்துவிட்டு மீண்டும் ஒருமுறை முயலுங்கள். அப்பொழுதும் விளங்கவில்லையெனில் வேறு நூலைத் தேடுங்கள். ஒரே பொருளை வேறோர் ஆசிரியர் வேறு வகையில் சொல்லும்போது சட்டென விளங்கிவிடுவதுண்டு. நூலை மாற்றுவது தோல்வியன்று.

ஐந்தாம் சோதனை, வாக்குறுதி. இத்தனை நாளில் நிரலாளராகலாம் என்று அட்டையிலேயே நாட்கணக்குக் கூறும் நூல்களை ஐயத்துடன் அணுகுக. கூகுள் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பணிகளுக்குத் தலைமை தாங்கிய பீட்டர் நார்விக் என்னும் அறிஞர் இவ்வகை நூல்களைக் கண்டு, நிரலாக்கத்தைப் பத்தாண்டுகளில் கற்றுக்கொள்ளுமாறு தலைப்பிட்டே கட்டுரையொன்று எழுதினார். எத்துறையிலும் தேர்ச்சி பெறப் பல்லாண்டுப் பழக்கம் வேண்டும் என்பது அதன் கருத்து. இது நம்மை அச்சுறுத்துவதற்கன்று. மூன்று வாரத்தில் முடியவில்லையே என்று வருந்தத் தேவையில்லை என்று ஆறுதல் கூறுவதாகவே இதைக் கொள்ள வேண்டும்.

எந்த நூலில் தொடங்குவது?

தமிழ் வழியில் பயின்றவர்க்கு முதல் நூல் அவர்கள் வீட்டுப் பரணிலேயே இருக்கக்கூடும். மேலே குறிப்பிட்ட 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலைத் தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டுள்ளது. இணையத்தில் கட்டணமின்றியும் பெறலாம். ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க. அந்நூலின் முதல் நான்கு பாடங்கள் செயற்கூறு, தரவு அருவமாக்கம் போன்ற கோட்பாடுகளைப் பேசுகின்றன. தானே கற்பவர் அவற்றைப் பின்னர்ப் படித்துக்கொள்ளலாம். பைத்தான் 5-ஆம் பாடத்தில்தான் தொடங்குகின்றது. 5, 6, 7, 8 ஆகிய நான்கு பாடங்களையும் செய்முறையோடு முடித்தால் மாறி, நிபந்தனை, மடக்கு, செயற்கூறு, சரம் ஆகியவை கைவரும்.

தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் அருகருகே வைத்து, ஒரே பாடத்தைத் தமிழில் படித்து ஆங்கிலத்தில் மீண்டும் படிப்பது மிகுந்த பயன் தரும். கணினி காட்டும் பிழைச் செய்திகள் ஆங்கிலத்திலேயே வருமாதலால், அம்மொழியைக் கண்டு ஒதுங்குவது இத்துறையில் இயலாது. எனினும் இதற்கு இலக்கிய ஆங்கிலம் வேண்டியதில்லை. ஐம்பது அறுபது சொற்களின் பொருள் தெளிவாயிருந்தால் தொடக்கத்திற்குப் போதுமானது. 'சிண்டாக்ஸ் எரர்' என்றால் வாக்கிய அமைப்பில் பிழை. அடைப்புக்குறியோ முக்காற்புள்ளியோ விடுபட்டிருக்கலாம். 'நேம் எரர்' என்றால் நாம் அறிமுகப்படுத்தாத பெயரை எழுதிவிட்டோம். பெரும்பாலும் எழுத்துப் பிழையாயிருக்கும். 'இன்டென்டேஷன் எரர்' என்றால் வரியின் தொடக்கத்தில் விடவேண்டிய இடைவெளி ஒழுங்காக இல்லை. இவ்வாறு ஒரு குறிப்பேட்டில் இடப்புறம் ஆங்கிலச் சொல்லும் வலப்புறம் தமிழ்ப் பொருளும் எழுதிவருக.

தமிழில் மேலும் படிக்க விரும்புவோர்க்குக் கணியம் என்னும் மின்னிதழ் உண்டு. 2012-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இவ்விதழ் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டு வருகின்றது. இதன் சார்பில் 'எளிய தமிழில்' என்ற வரிசையில் வந்த மின்னூல்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எழில் என்று தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட நிரல்மொழியொன்றும் கற்பித்தலுக்கென உருவாக்கப்பட்டுள்ளது. சிறுவர்க்கு நிரலின் கருத்தைப் புரியவைக்க இது துணைபுரியும்.

ஆங்கில நூலுக்குச் செல்லும் நிலை வந்ததும் இரண்டு நூல்களைக் கருதலாம். ஆலன் டவுனி எழுதிய 'திங்க் பைத்தான்' முதன்முறை நிரல் கற்பவர்க்கென்றே எழுதப்பெற்றது. அதன் மூன்றாம் பதிப்பு 2024-இல் வெளிவந்தது. அல் ஸ்வெய்கார்ட் எழுதி 2015-இல் முதலில் வெளியான 'ஆட்டோமேட் தி போரிங் ஸ்டஃப்' என்னும் நூல், அலுவலகத்தில் அலுப்பூட்டும் கணக்கு வேலைகளைக் கணினியிடம் ஒப்படைப்பது எப்படி என்று கற்பிக்கின்றது. சங்கக் கணக்கு, கடைக் கணக்கு எழுதுவோர்க்கு இது பெரிதும் பயன்படும். இரண்டையும் அவற்றின் ஆசிரியர்களே இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கத் தந்துள்ளார்கள். ஆதலின் பணம் இல்லை என்பது தடையாகாது. இவற்றுள் ஒன்றை முடித்தபின் கெர்னிகன், ரிட்சி நூலை எடுத்தால் அதன் சுவை தெரியும்.

படிக்கும் முறை

நல்ல நூல் கிடைத்தும் படிக்கும் முறை தவறினால் பயனில்லை. கதை போல் படித்துச் செல்வது பெரும் பிழை. கீழ்வரும் பழக்கங்களைக் கைக்கொள்க:

1. ஒரு காலத்தில் ஒரு நூலே முதல் நூலாயிருக்க வேண்டும். ஐயம் வரும்போது பார்க்க மற்றொன்று துணை நூலாயிருக்கலாம். மூன்றாவது வேண்டா.
2. எடுத்துக்காட்டுகளை வெட்டி ஒட்டாமல் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டச்சு செய்க. தட்டும்போது நேரும் பிழைகளே முதல் ஆசிரியர்.
3. நிரலை இயக்குமுன் என்ன விடை வரும் என்று தாளில் எழுதுக. வந்த விடை வேறாயிருந்தால் அன்றைய பாடம் அங்கேதான் இருக்கின்றது.
4. எடுத்துக்காட்டு சரியாக இயங்கியதும் அதில் ஒன்றை மாற்றிப் பார்க்க. எண்ணை மாற்றுக, வரியை நீக்குக, என்ன நேர்கின்றது என்று காண்க.
5. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று கேட்ட நிரலை உடனே எழுதித் தருகின்றன. பிழையின் பொருளை விளக்கக் கேட்பது நன்று. பயிற்சியின் விடையையே எழுதச் சொல்வது, உடற்பயிற்சிக்கு வேறொருவரை அனுப்புவது போன்றது.
6. இரண்டு மாதம் சென்றதும் நூலை ஒதுக்கி வைத்து, உங்கள் ஊர்த் தேவை ஒன்றிற்கு நிரல் எழுதுக. பால் கணக்கு, மகளிர் குழுவின் சேமிப்புக் கணக்கு, வாய்க்கால் முறைத் தண்ணீரின் நேரப் பட்டியல் ஆகியவற்றுள் ஒன்று போதும்.

ஊர் நூலகத்தாரின் கடமை

இது மாணவர் ஒருவரின் பொறுப்பு மட்டுமன்று. 1948-இல் நிறைவேறிய பொது நூலகச் சட்டத்தின்படி நாம் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகின்றோம். 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிகளிலும் நூலகங்கள் எழுந்தன. அந்தக் கட்டடங்களில் என்ன நூல்கள் இருக்கின்றன என்று கேட்கும் உரிமை ஊராருக்கு உண்டு.

சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன் 1931-இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். வாசகரின் காலம் வீணாகாமற் காப்பது நூலகத்தின் கடமை என்பதும், நூலகம் உயிருள்ள பொருள் போல் வளர்ந்துகொண்டே இருப்பது என்பதும் அவற்றுள் அடங்கிய கருத்துகள். வளரும் மரம் பழுத்த இலையை உதிர்க்கும். ஆகவே பைத்தான் இரண்டாம் பதிப்பு நூல்களையும் டர்போ நூல்களையும் கற்போர் அடுக்கிலிருந்து அகற்ற வேண்டும். விதிமுறைப்படி அகற்றக் காலம் ஆகுமெனில், "இந்நூல் பழைய பதிப்பிற்கு உரியது, புதிதாகக் கற்போர்க்கு ஏற்றதன்று" என்று உள்ளட்டையில் ஒரு சீட்டு ஒட்டினாலே போதும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

புதிய நூல் வாங்கும்போது பத்து வகை நூல்களில் ஒவ்வொரு படி வாங்குவதைவிட, நல்ல நூல் ஒன்றில் மூன்று நான்கு படிகள் வாங்குவது சிறந்தது. நான்கு பேர் ஒரே நூலை ஒரே காலத்தில் படித்தால் ஒருவர் ஐயத்தை மற்றவர் தீர்ப்பார். வாரம் ஒருநாள் மாலை அவர்கள் நூலகத்தில் கூட இடம் கொடுத்தால் அதுவே ஒரு சிறு பள்ளியாகிவிடும். கட்டணமில்லா மின்னூல்களின் உரிம விதிகளைப் பார்த்து, அச்சிட அனுமதியுள்ளவற்றை அச்சிட்டுத் தைத்து வைக்கலாம். நன்கொடையாக நூல் தர விரும்பும் வெளியூர் அன்பர்களிடம், தாங்கள் படித்து முடித்த பழைய நூலைத் தருவதைவிட, நூலகர் எழுதித் தரும் பட்டியலிலிருந்து ஒரு புதிய நூலை வாங்கித் தருமாறு பணிவுடன் கேட்கலாம்.

முடிவுரை

நாம் தொடக்கத்தில் கண்ட பெண்ணிடம் நூலகர் அப்பழைய நூலை வாங்கி வைத்துக்கொண்டு 12-ஆம் வகுப்புப் பாடநூலின் 5-ஆம் பாடத்தைத் திறந்து கொடுத்தால், அவள் அன்றிரவே தன் முதல் நிரல் இயங்கக் காண்பாள். அவளுடைய அறிவு அந்தப் பத்து நாளில் குறைந்திருந்து அன்று கூடிவிடவில்லை. மாறியது நூல் மட்டுமே.

ஆண்டைப் பாருங்கள், முன்னுரையைப் படியுங்கள், பயிற்சிகளை எண்ணுங்கள், ஐந்து பக்கம் படித்து எழுதிப் பாருங்கள், எளிய வாக்குறுதிகளை நம்பாதீர்கள். இவ்வைந்தும் ஒரு மாலைப் பொழுதில் முடியக்கூடியவை. விதை நெல்லுக்குச் செலவிடும் அந்த அக்கறையை அறிவு விதைக்கும் செலவிட்டால், நம் ஊர் இளைஞர்களின் உழைப்பு பதராகப் போகாது என்பதில் ஐயமில்லை.